எனக்கு ஒண்டும் மணக்கல்ல

எங்கள் காரில் பெற்றோல் மணக்கிறது என்று முதன்முதலில் சொன்னவள் என் தம்பியின் மகள். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. மணக்கவில்லை என்று சொன்னவள் நான். அவள் படிக்கும் பள்ளிக்கூடத்திலேயே நான் டீச்சர். டீச்சர் ஒன்று சொல்ல, மூன்றாம் வகுப்புப் பிள்ளை வேறொன்று சொன்னால் யாருடைய பேச்சு எடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படி என் பேச்சு எடுபட்ட கதைதான் இது. நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

முதலில் என் மூக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொரோனா வந்தபோது மணமும் ருசியும் சேர்ந்து போயின. ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மணம் வரவே இல்லை. இஞ்சியை நசுக்கி மூக்குக்குள் திணிக்காத குறையாக வைத்துப் பார்த்தேன். அத்தர் போத்தலை அப்படியே முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்திருந்து, பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்குக்கூட. காரணம் வெட்கம்தான். மருதமுனையில் எங்கள் வீதியில் எந்த வீட்டில் கலியாணச் சோறு ஆக்கினாலும், கறிச்சட்டியைத் திறந்ததும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "டீச்சர் மூக்கால உப்புப் பார்ப்பா" என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரை விட எனக்கு மனமில்லை. மூக்குப் போன பிறகும் கூப்பிட்ட இடமெல்லாம் போனேன். சட்டிக்கு மேல் குனிந்து, கண்ணை மூடி, "கறுவா கொஞ்சம் கூடிப் போச்சு" என்பேன். ஓம் டீச்சர், நாங்களும் அப்பிடித்தான் நினைச்ச என்பார்கள். ஒருவராவது இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்கும். ஊரார் காரியத்தில் எல்லாம் மூக்கை நுழைக்கிறவள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சும் உண்டு. நுழைத்த மூக்கு செத்த மூக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு தடவை அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகி, வாசல்வரை மணந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஓடி வந்து அடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "போன்ல கதைச்சிக்கிட்டு இரிந்தன்" என்றேன். போன் மேசையில் கிடந்தது. அவர் கருகிய சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

இனி கார். ஜப்பானில் ஓடி முடிந்து இங்கே வந்து இறங்கிய சின்ன வெள்ளைக் கார். வீட்டுக்காரருக்குக் கல்முனை மார்க்கட்டில் சாரன் துணிக்கடை. அவருக்கு மோட்டார் சைக்கிள்தான் தோது. காரை ஓட்டுவது நான். காலையில் நானும் தம்பியின் மகளும் அதில்தான் பள்ளிக்கூடம் போவோம். தம்பி கட்டாரில் வேலை. தம்பியின் பெண்சாதியும் மகளும் எங்கள் வளவிலேயே பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். முன் சீட்டில் கொப்பிக் கட்டும் என் பையும் இருக்கும். சின்னப் பிள்ளைகள் பின்னால் இருப்பதுதான் பாதுகாப்பு என்று அவளைப் பின் சீட்டில் இருத்துவேன். புழுதிக்குக் கண்ணாடியைப் பூட்டி ஏசியைப் போட்டுவிடுவேன். பாதுகாப்பு என்று நான் அவளை இருத்திய இடம் எது என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காருக்குள் ஏறி, பையை மடியில் வைத்து, "மாமி, மணக்குது" என்றாள்.

எங்கள் பேச்சில் மணக்குது என்றால் அத்தரும் மணக்கும், அழுகிய மீனும் மணக்கும். எதைச் சொல்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காலையில் பஞ்சில் அத்தர் தொட்டு ஏசிக் காற்று வரும் இடத்தில் சொருகியிருந்தேன். என் மூக்குக்கு இல்லாவிட்டாலும் ஏறுகிறவர்களுக்கு மணக்கட்டும் என்று ஒரு நினைப்பு. அதைத்தான் புகழ்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "மணக்கும் மகள், நல்ல அத்தர்" என்றேன். பாண்டிருப்புக் கோயிலைத் தாண்டுவதற்குள் அவள் சத்தி எடுத்தாள், காலையில் சாப்பிட்டது முழுக்க வெளியே வந்துவிட்டது.

காரையும் கழுவி, சட்டையையும் மாற்றி, அன்றைய முதல் பாடம் எனக்குப் போய்விட்டது. போகட்டும், பிள்ளைதானே என்று விட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி சத்தி. அடுத்த வாரமும். "மாமி, பெற்றோல் மணக்குது" என்று இப்போது தெளிவாகவே சொன்னாள். தேசிக்காயைக் கையில் கொடுத்து முகரச் சொன்னேன். சத்தி எடுக்கச் சொப்பிங் பேக்கைக் காதில் மாட்டிவிட்டேன். இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். ஒன்றுக்கும் சத்தி நிற்கவில்லை. எனக்கும் பொறுமை போய்விட்டது. ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிச் சிரித்தேன். "இவளுக்குக் கணக்குப் பாடம் மணக்குது" என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் அந்தக் காரை எடுத்துக்கொண்டு சம்மாந்துறைக்குப் போய் வந்தார். அவரும் சொன்னார், என்னவோ பெற்றோல் மணம் மாதிரி இருக்கிறது என்று. சொன்னவரே, பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் பிளாஸ்டிக் கானில் வாங்கிப் பின்னால் வைத்துக் கொண்டுவந்தோமே, அப்போது ஊற்றுண்டது இன்னும் போகவில்லையாக்கும் என்றும் சொன்னார். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறவர். அதோடு மறந்துவிட்டார்.

தம்பியின் பெண்சாதி அப்பாவி. கட்டாரில் இருந்து புருசன் எடுக்கும் போனுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பவள். ஒரு நாள் காலையில் மகள் காரில் ஏறமாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் வந்து என்னிடம் கேட்டாள். "மச்சி, ஒங்களுக்கு மணக்குதா?"

நான் டிரைவர் சீட்டில் இருந்து, கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். "எனக்கு ஒண்டும் மணக்கல்ல."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனக்கு எதுவுமே மணப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிப்பது இஸ்லாம் பாடம். பொய்ச் சாட்சி பெரும் பாவம் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் பிள்ளைகளைக் கொண்டு கொப்பியில் எழுதுவிக்கிறவள் நான். பொய் பேசாமலே பொய்ச் சாட்சி சொல்லலாம் என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்கவில்லை.

"மாமிக்கி மணக்கல்லயாம். ஒனக்கு மட்டும் என்னெண்டு மணக்கிற?" என்று தாய் அவளைக் கேட்டாள். "சாட்டுத்தானே சொல்ற? பள்ளிக்கூடம் போகக் கள்ளம்தானே?"

"இல்ல உம்மா, மணக்குது."

தாய் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பெரிய அடி இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை தாயைப் பார்க்கவில்லை. கார்க் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். அன்றிலிருந்து மணம் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. லேஞ்சியை நாலாக மடித்து மூக்கில் வைத்தபடி, பள்ளிக்கூடம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். சத்தி வந்தால் பேக்கில் எடுத்து, முடிச்சுப் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்வாள். பிள்ளை திருந்திவிட்டது என்று நான் சந்தோசப்பட்டேன்.

அவள் மெலிந்து போனதைப் பார்த்து வீதியில் ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்று சொன்னாள். பிள்ளை மூக்கும் முழியுமாக இருப்பாள், கண்ணூறு பட்டிருக்கும் என்றாள் ஒருத்தி. காரில் போய் வருவதை யாரோ பார்த்துப் பொருமியிருப்பார்கள், கண்ணூறு காருக்குத்தான் என்றாள் இன்னொருத்தி. பள்ளிவாசல் லெவ்வையிடம் கொண்டுபோய்த் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தோம். காருக்கு என்ன செய்வது? சாம்பிராணி போடுவோம் என்று யோசனை சொன்னது வேறு யாருமல்ல, நானேதான்.

வியாழன் பொழுது பட்டதும் எங்களுக்கு வெள்ளி இரவு தொடங்கிவிடும் என்பதால், அன்று பின்னேரமே வீட்டுக்குப் புகை காட்டுவது எங்கள் வழக்கம். அன்றைக்கும் சிரட்டைக் கரியை நன்றாகக் கனல விட்டு, சட்டியில் அள்ளி, சாம்பிராணி தூவினேன். அறை அறையாகக் காட்டி முடித்துவிட்டு நேரே காருக்குப் போனேன். பின் கதவைத் திறந்தேன். பின் சீட்டின் காலடியில், ரப்பர் விரிப்பின் மேல், கனலும் சட்டியை வைத்தேன். புகை சீட்டெல்லாம் பிடிக்கட்டும் என்று மற்றக் கதவுகளைப் பூட்டினேன். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"வா மகள், ஏறி இரி. புகை ஒன்ட மேலயும் படட்டும்."

அவள் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். சத்தம் போடாமல், காலை மண்ணில் ஊன்றி ஊன்றி, இழுபட்டு வந்தாள். கார்க் கதவுவரை வந்துவிட்டோம். அப்போது பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பாங்கு சொல்லும்போது பிள்ளையோடு மல்லுக்கட்டக் கூடாதென்று கையை விட்டேன். தொழுகைக்கு நேரமாகிறது, சட்டியை எடுத்து வை என்று வீட்டுக்காரர் உள்ளே இருந்து சொன்னார். எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. அதாவது, ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், கையைக் கழுவாமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பக்கத்துக் கடைக்காரரிடமும் எங்கள் மாதிரியான கார்தான் இருக்கிறது, செய்தியை அனுப்பியவர் அவர்தான்.

"நம்மட வண்டியத் திருப்பிக் கூப்பிடுறாங்களாம்" என்றார்.

"யாரு கூப்பிடுற?"

"கம்பெனி."

"எங்க, ஜப்பானுக்கா? வித்த சாமான அவங்க என்னெண்டு திருப்பிக் கேப்பாங்க? குடுக்க ஏலாது எண்டு சொல்லுங்க" என்று சண்டைக்குத் தயாரானேன்.

அவர் சிரித்தார். "வாய மூடிக்கிட்டுக் கேளு புள்ள. வண்டியப் பறிக்க இல்ல. ஒரு சாமான் பழுதாம். சும்மா மாத்தித் தாறாங்களாம். செசி நம்பரப் போட்டுப் பார்த்தன். அந்த லிஸ்ட்ல நம்மட வண்டியும் இரிக்கி."

பிறகு போனில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பெற்றோல் டேங்குக்கு மேல், பின் சீட்டுக்குக் கீழே ஒரு பம்ப். அதன் மூடியில் வெடிப்பு விழுந்து பெற்றோல் கசியலாம். முதலில் மணம்தான் வரும். மணம் வந்தால் அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். நெருப்புக்குக் கிட்டே நிறுத்த வேண்டாம். தீப்பிடிக்கும்.

நான் சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். கனலும் சட்டிதான் கண்ணுக்குள் நின்றது. பிறகு நான் பிடித்து இழுத்த அந்தக் கை. அது எவ்வளவு மெல்லிய கை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்காரர் வெளியே போய்ப் பின் சீட்டைக் கழற்றித் தூக்கினார். தூக்கியவர் அப்படியே பின்னால் வந்தார். "அல்லாஹ்வே, என்ன மணம் இது" என்று சாரன் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். எட்டிப் பார்த்தேன். பம்பைச் சுற்றி ஈரம், அதில் புழுதி ஒட்டிக் கறுத்திருந்தது. என் முகம் அதற்குக் கிட்டேதான் இருந்தது. எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

சத்தம் கேட்டுத் தம்பியின் பெண்சாதி வந்தாள். அவள் வளவின் நடுவிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஒனக்கு இவ்வளவு நாளும் மணக்கல்லியா?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "எனக்குத் தடிமன், மூக்கடைப்பு."

இதுதான் முழுப் பொய். முன்பு சொன்னதற்காவது உண்மை என்ற சட்டை இருந்தது.

"இவ்வளவு காலமும் தடிமனா மச்சி?" என்று கேட்டாள் தம்பியின் பெண்சாதி. குத்திக் காட்டிக் கேட்டிருந்தால் நானும் வாய் கொடுத்திருப்பேன். அவள் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். "டொக்டருக்கிட்டக் காட்டினீங்களா?" என்றும் கேட்டாள். பிறகு அவளுக்கு அந்தக் காலைநேரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அழத் தொடங்கினாள். "ஒங்கட சொல்லக் கேட்டுத்தானே மச்சி புள்ளைக்கி அடிச்சன்" என்றாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அடித்த பழி அவள் கையில் இருந்தது. பாவம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை அவர்களுடைய வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்ட மூக்குத்தான் மகள் மூக்கு" என்று வீட்டுக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்துச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னது சரிதானே என்று கேட்கவும் இல்லை. உள்ளே போய்விட்டாள்.

காரை லொறியில் ஏற்றி அனுப்பினோம். பம்பை மாற்றித் திரும்பி வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஓட்டோவில் போனோம். முதல் நாள் ஓட்டோவில் ஏறிப் பாண்டிருப்பு வருவதற்குள் அவள் கதைக்கத் தொடங்கினாள். கோயில் மாட்டுக்கு ஏன் கொம்பில் நிறம் பூசியிருக்கிறது, வாப்பா இருக்கும் இடத்தில் மழையே பெய்யாதா, தன் சிநேகிதியின் பூனை எத்தனை குட்டி போட்டது. கல்முனைச் சந்திவரை வாய் மூடவில்லை. என் பக்கத்தில் இவ்வளவு கதைக்கிற பிள்ளை இருந்திருக்கிறாள். அவளைத்தான் நான் லேஞ்சியும் சொப்பிங் பேக்குமாகப் பின்னால் வைத்துப் பூட்டி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "என்ன டீச்சர், கண்ணுக்குள்ள புழுதியா?" என்றார். ஓம் என்றேன்.

கார் திரும்பி வந்தது. எல்லாம் சரி, இனிப் பயமில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு மூக்கு இருக்கிறது, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த நாள் காலையில் அவர் விடியவே கடைக்குப் போய்விட்டார். காரும் நானும் பிள்ளையும்தான். கொப்பிக் கட்டைப் பின்னால் போட்டுவிட்டு அவளை முன் சீட்டில் ஏறச் சொன்னேன். ஏறினாள். மடித்த லேஞ்சி கையில் இருந்தது.

"மணக்குதா மகள்?" என்று கேட்டேன்.

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல மாமி" என்றாள்.

மூச்சை இழுத்துக்கூடப் பார்க்காமல் வந்த பதில் அது. வகுப்பில் பிரம்பைப் பார்த்துவிட்டு, விளங்கிச்சா என்றால் விளங்கிச்சு என்பார்களே, அதே குரல். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள என்னிடம் வழியும் இல்லை. திறப்பைப் போட்டும் திருகாமல் இருந்தேன். இந்தப் பிள்ளைக்கு எதையாவது செய்தேன் என்றால் இதைத்தான். பெற்றோல் மணத்தாலும் மணக்கவில்லை என்று சொல்லப் பழக்கிவிட்டேன்.

"மகள், மாமிக்கி மூக்கு வேலை செய்யாது" என்றேன். "கொரோனாவோட போன. அத்தரும் மணக்காது, மீனும் மணக்காது, பெற்றோலும் மணக்காது. ஒருத்தருக்கும் சொல்லல்ல. ஒனக்கிட்டத்தான் சொல்றன்."

அவள் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புகிறாளா என்று தெரியவில்லை. வீதியில் மீன்காரர் ஹோன் அடித்துக்கொண்டு போனார். அதன் பிறகு கேட்டாள்.

"அப்ப, மணக்கல்ல எண்டு ஏன் மாமி சென்னீங்க?"

எத்தனை பெற்றோருக்கு, எத்தனை அதிபருக்கு வாய் கொடுத்தவள் நான். "மாமி செஞ்சது பிழை மகள்" என்று மட்டும் சொன்னேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் லேஞ்சியை மடியில் வைத்துவிட்டு, முன் சீட்டில் முழங்காலில் ஏறி நின்று, இரண்டு சீட்டுக்கும் நடுவால் பின்னால் எட்டிக் குனிந்தாள். பின் சீட்டில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து முகர்ந்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கடைசியாகக் காலடியில் சாம்பிராணிச் சட்டி வைத்த இடத்திலும். திரும்பி வந்து நேராக இருந்து, சீட் பட்டியைப் போட்டுக்கொண்டாள்.

"மணக்கல்ல மாமி" என்றாள். "இப்ப பார்த்துட்டுத்தான் சொல்றன்."